பிச்சைமணி நடக்கப் போகிறார்

இடது கால் ஷூவுக்குள் போய்விட்டது. வலது கால் ஷூ கையில் இருக்கிறது. கட்டில் விளிம்பில் உட்கார்ந்தபடி அதற்குள் விரல்விட்டுத் துழாவிப் பார்க்கிறார் பிச்சைமணி. கல்லோ ஆணியோ பூச்சியோ ஒன்றும் இல்லை. ஆனாலும் மாட்டுவதில்லை. மணி ஐந்தே கால். மட்டாஞ்சேரி இன்னும் முழுதாக விழிக்கவில்லை. எங்கோ ஒரு கிட்டங்கியின் இரும்புக் கதவு உருளும் சத்தமும், அதன் பின்னாலேயே சுக்கு நெடியும் சன்னல் வழியாக வருகின்றன. ஷூவை மடியில் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் அப்படியே இருப்பார். பிறகு சுவரில் சாய்வார். ஆறரைக்கு மனைவி மாயம்மாள் வந்து பார்க்கும்போது, ஒரு காலில் ஷூவோடு வாய் திறந்து தூங்கிக்கொண்டிருப்பார்.

"என்னங்க, நடந்துட்டு வந்தாச்சா?"

"நாளைக்கு உறப்பா போறேன், கேட்டியா."

இப்படி இருபத்து மூன்று நாட்கள் போயின.

சாக்கடைக்குக் கொச்சியில் 'கான' என்று பெயர். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த அப்பா மாநகராட்சியில் பார்த்த கான தோண்டும் வேலைக்கே, இருபத்து நான்கு வயதில் பிச்சைமணியும் சேர்ந்தார். பத்தொன்பது வருடம் இடுப்பளவு கறுப்புத் தண்ணீரில் நின்றார். கடல் ஏறும் நாட்களில், வாரிப் போட்ட சேறெல்லாம் மறுபடி உள்ளே வந்துவிடும். மறுநாள் முதலிலிருந்து தொடங்க வேண்டும். முதுகு ஒத்துழைக்காமல் போன பிறகு, தொண்ணூற்றாறில், தளவாடக் கொட்டகைக்கு மாற்றினார்கள். மண்வெட்டியும் கூடையும் எடுத்துக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு மேசை, ஒரு பிரம்பு நாற்காலி. முதல் நாள் அதில் உட்கார்ந்ததும், "இனி எழும்ப மாட்டேன்" என்று அறிவித்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். சர்க்கரை தூக்கலாக நாளைக்கு ஆறு சாயா. ஆறு வருடத்தில் வயிறு மேசையைத் தொட்டது.

ஒரு மழைக்காலச் சாயங்காலம் அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது, வாசலிலிருந்து அடுக்களை வரை சிவப்புச் சிவப்பாகத் தடம் விழுந்தது. மாயம்மாள் ஓடிவந்து செருப்பைக் கழற்றினாள். அடியிலிருந்து ஓர் ஆணி ஏறி, பாதத்துக்குள் நின்றது. காலையிலிருந்தே அங்கே இருந்திருக்க வேண்டும்.

"எனக்கு வலிக்கலையேட்டி" என்றார். அதைச் சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. மாயம்மாளின் முகத்தைப் பார்த்ததும் அது போய்விட்டது.

அரசு ஆஸ்பத்திரி டாக்டர் சின்ன வயதுப் பெண். மெல்லிய நைலான் இழை ஒன்றால் பாதத்தில் பத்து இடத்தில் தொட்டாள். மூன்று இடம்தான் தெரிந்தது. "ஷுகர் காலைப் பிடிச்சிருக்கு சேட்டா. புண் ஆறினதும் தினம் அரை மணிக்கூர் நடக்கணும், ஷூ இட்டு நடக்கணும். இல்லெங்கில் அடுத்த தடவை விரலை எடுக்க வேண்டி வரும்" என்றாள். புண் ஆற ஒன்றரை மாதம் ஆயிற்று. தோப்பும்படிக் கடையில் ஷூ வாங்கினார்கள். நடைதான் வரவில்லை.

கொட்டகை லாரியை ஓட்டும் சிஜுவிடம் அவர் தன் கட்சியைச் சொன்னார். "எடா, நடக்க வேண்டியதெல்லாம் இந்தக் காலு நடந்து முடிச்சாச்சு. இனியும் நடன்னா எங்கே பாத்து நடக்குறது?"

"எங்கேயும் போகண்டா சேட்டா. நடந்துட்டு திரிச்சு வரணும். அவ்வளவு தன்னே."

"எங்கேயும் போகாம நடக்குறவனுக்குக் கிறுக்கு, பிராந்துன்னு சொல்லுவாங்க."

வாதத்தில் சிஜு தோற்றான். ஆனால் இருபத்து நான்காம் நாள் காலை ஐந்தரைக்கு பைக்கில் வந்து, இரண்டாவது ஷூவையும் தானே மாட்டிவிட்டு, ஃபோர்ட் கொச்சி வெளி மைதானத்தில் அவரை இறக்கிவிட்டுப் போனான்.

மைதானத்தைச் சுற்றி வெள்ளை ஷூக்காரர்கள் கைவீசி நடந்துகொண்டிருந்தார்கள். கடலில் குளிக்கிறவர்களைப் பார்ப்பதுபோல் பிச்சைமணி ஒரு மரத்தடியில் நின்று பார்த்தார். எந்த இடைவெளியில் நுழைவது என்று தெரியவில்லை. அப்போது எதிரே நீலகண்டன் வந்தார். பிச்சைமணியை வருடக்கணக்காகக் கானக்குள் இறக்கிய, ஓய்வுபெற்ற எஞ்சினியர். பிச்சைமணியின் கால் தானாக ஓரடி பின்வாங்கியது.

"எந்தா பிச்சைமணி, இவிடே கான அடைஞ்ஞோ?"

டாக்டர் நடக்கச் சொன்னார் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு வேறொன்றைச் சொன்னது. "ஆமா சார். சும்மா ஒண்ணு நோக்கலாம்னு வந்தேன்."

நீலகண்டன் தலையசைத்துவிட்டு நடையைத் தொடர்ந்தார். அடுத்த சுற்றில் மறுபடி வருவார். சொன்னதற்காகவாவது நோக்க வேண்டுமே. மைதானத்து ஓரக் கானக்கருகே போய்க் குனிந்தார். இலைக்குப்பை, பால் கவர், ஒற்றைச் செருப்பு. பத்தடி தள்ளி ஒரு சிலாப் உடைந்திருந்தது. அதற்கு அப்பால் தண்ணீர் ஓடவில்லை. ஏன் ஓடவில்லை? கண் முன்னே போக, கால் பின்னே போனது. அடைப்பைக் கண்டுபிடித்து நிமிர்ந்தபோது, மைதானத்தைச் சுற்றிப் புறப்பட்ட மரத்தடிக்கே வந்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. முப்பத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது. சந்தோஷம் என்று சொல்ல முடியாது. களைப்பாகத்தான் இருந்தது. ஆனால் அது அவருக்குப் பழக்கமான களைப்பு.

அதற்குப் பிறகு மைதானத்துக்குப் போகவில்லை. யூதத் தெருவான ஜூ டவுனிலிருந்து சுள்ளிக்கல் வரை கான ஓரமாகப் போவார். போகும்போது ஒரு பக்கம், வரும்போது மறுபக்கம். யாராவது கேட்டால், "கான நோக்குறேன்." ஜனங்கள் நம்பினார்கள். "சேட்டா, எங்க வாசல்லே ரெண்டு வாரமா வெள்ளம் கெட்டிக் கிடக்கு" என்று வழிமறித்தார்கள். அவரும் அதை ஆபீசில் போய்ச் சொன்னார். சிலவற்றுக்கு ஆட்கள் போனார்கள், பலவற்றுக்குப் போகவில்லை. இன்றும் பாதி நாள் ஷூ மடியிலேயே இருக்கிறது. "இன்னைக்கு மதி, போதும்" என்று சுவரில் சாயப் போவார். தையற்காரி காமாக்ஷியிடம், அவள் வாசல் அடைப்பைக் காலையில் வந்து பார்ப்பதாகச் சொன்னது நினைவு வரும். முனகிக்கொண்டே எழுவார்.

ஐந்து மாதத்தில் சர்க்கரை இறங்கியது. பாதம் அப்படியேதான் இருந்தது. "போனது திரிச்சு வராது. உள்ளதைக் காப்பாத்தலாம்" என்றாள் டாக்டர். தினமும் கால் உணர்வைச் சோதித்துப் பார்க்க மாயம்மாளுக்குச் சொல்லிக் கொடுத்தாள்.

சாயங்காலம் விளக்கு வைத்ததும், அவரைக் கண்ணை மூடச் சொல்லி, ஈர்க்குச்சியால் பாதத்தைத் தொடுவாள் மாயம்மாள்.

"இங்கே?"

"தெரியுது."

"இங்கே?"

"தெரியுது, தெரியுது."

நேற்றும் அப்படித்தான். மூன்று இடம் தொட்ட பிறகு மாயம்மாள் குச்சியைத் தரையில் வைத்துவிட்டாள். பாதத்தைத் தொடாமலே கேட்டாள்.

"இங்கே?"

"தெரியுதே" என்றார் பிச்சைமணி, இமைகளை இறுக மூடிக்கொண்டு.

அந்த முகத்தைப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு" என்றாள். பிறகு அவர் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, சேலைத் தலைப்பால் விரலிடுக்குகளை ஒவ்வொன்றாகத் துடைக்கத் தொடங்கினாள்.