ஆள் வெளிவரும் அளவு

"ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்குங்க. மூச்சை இழுத்துப் பிடிக்காதீங்க. இப்ப வாங்க."

உயரமான இரண்டு தாங்கிகளின் மேல் ஓர் ஒட்டுப்பலகை. அதன் நடுவில் ஒரு சதுர ஓட்டை. பாய்மரப் படகு வாங்கிய பெருமையோடு கடைக்குள் வந்த மனிதர் இப்போது அதன் கீழே குனிந்து, கூண்டுக்குள்ளிருந்து கழுத்தை நீட்டும் கோழிபோல மெல்ல எழும்புகிறார். தலை வருகிறது, கைகள் வருகின்றன, தோள் இடிக்கிறது. கடைக்காரரான மூடியக்கா ஒரு கையில் தேநீர்க் கோப்பையோடு அவரைச் சுற்றி வருகிறார். "இது உங்களுக்கு ஆகாது. அடுத்த பலகைக்குப் போங்க."

படகின் மேல்தளத்தில், அறைகளுக்கு மேலே பதிக்கும் திறப்பு மூடிகளும், பக்கச் சுவரில் பதிக்கும் சிறு சன்னல்களும்தான் அவருடைய வியாபாரம். பாய் தைக்கும் கூடத்துக்கும் வண்ணக் கிடங்குக்கும் இடையில் ஒடுக்கமான கடை. சுவர் முழுக்க மாதிரி மூடிகள். எதைத் திறந்தாலும் பின்னால் சுவர்தான் தெரியும். இருந்தாலும் ஒவ்வொன்றையும் திறந்து, கைப்பிடியில் தம் முழு எடையையும் தொங்கவிட்டுக் காட்டுவார். எடை கொஞ்சமல்ல. ரப்பர் விளிம்பைக் கிள்ளிப் பார்ப்பார், முகர்ந்தும் பார்ப்பார். கண்ணாடிபோல் இருக்கும் தடித்த பிளாஸ்டிக்கை மோதிர விரலால் தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்பார். அதில் என்ன கேட்கிறது என்று விசாரித்தவர்களுக்கு, "சொன்னா நீங்களே கடை போட்டுடுவீங்க" என்பதுதான் பதில்.

விலை கேட்டு வருகிறவர்களிடம் அவர் முதலில் குடும்பக் கதை கேட்பார். யார் எங்கே தூங்குவது, யாருக்குக் குறட்டை, அடுப்பு எந்தப் பக்கம், ஆவி எந்த வழியாக வெளியேறும் என்றெல்லாம் துருவித் துருவி விசாரிப்பார். பெண் பார்க்க வந்தவர் மாதிரி இருக்கும். பக்கச் சுவரில் அகலமான சன்னல் கேட்டு, படத்தை வெட்டிக்கொண்டு வந்த ஒரு தம்பதியிடம், காற்றில் படகு சாயும்போது அந்தச் சன்னல் தண்ணீருக்குள் இருக்கும் என்பதைப் பொறுமையாக எடுத்துச் சொன்னார். அவர்கள் கேட்பதாயில்லை. "மீன் பார்க்கணும்னா மீன்தொட்டி வாங்குங்க, செலவு கம்மி" என்று படத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர்கள் மறுநாளே வந்து சின்னச் சன்னல்களை எடுத்துப் போனார்கள்.

பதிக்கும் வேலையும் அவருடையதே. தளம் வளைந்திருந்தால், சட்டம் தட்டையாக உட்கார மரத்தில் ஓர் இருக்கை செதுக்குவார். முன்னறை மூடிக்குக் கீல் முன்பக்கம்தான். "அலை வந்தா அதுவே மூடிட்டுப் போகணும், திறந்து விட்டுட்டுப் போகக் கூடாது." திருகுகளை முதல் நாள் அரைகுறையாக முடுக்கி நிறுத்திவிடுவார். அவசரக்காரர்கள் வந்து பல்லைக் கடித்துக்கொண்டு முடுக்கினால், ஸ்பானர் கையிலிருந்து பிடுங்கப்படும். சட்டத்தின் அடியில் தடவிய பசை மெத்தைபோலத் தங்கி இறுகிய பிறகுதான் கடைசி முடுக்கு. "எல்லாத்தையும் பிழிஞ்சு வெளிய தள்ளிட்டா, உள்ள எது தண்ணியைத் தடுக்கும், உங்க நல்ல மனசா?"

இப்படி எல்லோரையும் ஆட்டிவைத்தவருக்குச் சரிக்குச் சரி நின்றவர் ஒருவர்தான். அவருடைய சொந்தத் தம்பி.

பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற தம்பி, படகுத்துறையின் கடைசி மூலையில் தமக்கென்று ஒரு பாய்மரப் படகு கட்டிக்கொண்டிருந்தார். படகு தண்ணீரைத் தொடும் முன்பே துறையில் எல்லோரும் அவரைக் கேப்டன் என்றார்கள். அவர் மறுக்கவில்லை. காற்று திசை மாறுவதற்குள் மனைவியோடு கிளம்பிவிட வேண்டும் என்பது திட்டம். முன்னறைக் கட்டிலுக்கு மேலே ஒரு மூடி மட்டும்தான் பாக்கி.

அதற்கு அவர் ஒரு பொருளைக் கொண்டுவந்தார். உடைத்த பழைய படகிலிருந்து வாங்கிய, கனத்த, வட்டமான வெண்கல மூடி. முகம் தெரியும் அளவுக்குத் தேய்த்து வைத்திருந்தார். அக்கா அதைக் கையில் வாங்கினார், திறந்தார், முகர்ந்தார். நல்ல சாமான் என்று ஒப்புக்கொண்டார். பதிக்க மாட்டேன் என்றும் சொன்னார்.

படகின் பின்பக்கம் நெருப்புப் பிடித்தால், படிக்கட்டுப் பக்கம் போக முடியாவிட்டால், முன்னறை மூடிதான் வாசல். அந்த வட்டத்துக்குள் ஆள் நுழையாது. அக்காவின் கட்சி இவ்வளவுதான். கேப்டனின் கட்சி வேறு. தம் கடையில் விற்காத எதைக் கண்டாலும் அக்காவுக்குக் குப்பை என்று துறை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். வேறு ஆளை வைத்துப் பதித்துக்கொள்கிறேன் என்றார். அந்த வேறு ஆளிடம் அக்கா அதற்கு முன்பே பேசி முடித்திருந்தார்.

பேச்சுவார்த்தை நின்றது. நடுவில் மாட்டிக்கொண்ட தம்பி மனைவிதான் இருவருக்கும் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்து, செய்தியையும் கொடுத்து வந்தார்.

பிறகு ஒரு காலையில் கேப்டன் கடை வாசலில் வந்து நின்றார். கையில் அவரே வெட்டிய பலகை, அதில் வெண்கல மூடியின் அளவுக்கு வட்ட ஓட்டை. பின்னால் பாய் தைக்கிறவர்களும் வண்ணக் கிடங்குக்காரரும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். பலகையைத் தாங்கிகளின் மேல் வைத்துவிட்டுச் சட்டையைக் கழற்றினார். வயிற்றை எக்கினார். கீழே போனவர் நெளிந்து, முனகி, ஒரு தோளை முதலில் விட்டு, மேலே வந்தே விட்டார். கைதட்டல் கேட்டது. "பார்த்தியா அக்கா? உன் கணக்கெல்லாம் கடையோட சரி."

அக்காவும் கைதட்டினார். பிறகு ஆணியில் தொங்கிய கனத்த மழைக்கோட்டை எடுத்தார், அதன் மேல் போடும் மிதவை அங்கியையும் எடுத்தார். பள்ளிக்கூடத்துக்குக் கிளப்புவதுபோலத் தம்பிக்கு மாட்டிவிட்டு, வார்களை ஒவ்வொன்றாக இழுத்துக் கட்டினார். "நல்ல நாள்ல யாரும் அந்த வழியா ஓட மாட்டாங்க. இப்ப வா."

தலை வந்தது. கைகள் வந்தன. நெஞ்சு நின்றது. மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. கூட்டம் சிரித்தது. தம்பி மனைவியும் சிரித்தார். கேப்டன் கால்களை உதைத்தபோது பலகை ஆடியது, ஆள் அசையவில்லை. அவர் முகம் சிவந்ததும் மனைவியின் சிரிப்பு பாதியில் நின்றது.

"அக்கா, விளையாடாத. என்னை வெளிய எடு."

"எடுக்கிறேன்." அக்கா அருகே வந்து, வார்களைத் தளர்த்திக்கொண்டே, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்: "நடுக்கடல்ல நான் இருக்க மாட்டேன்டா."

கேப்டன் நெளிந்து கீழே இறங்கினார். தம்பி மனைவி சுவரிலிருந்த பெரிய சதுர மூடியைக் காட்டி, "அண்ணி, இதையே போட்டுடுங்க" என்றார்.

அது பதிக்கப்பட்டது. வெண்கல வட்டத்தை அக்கா வீணாக்கவில்லை. சமையல் மூலைக்கும் கட்டிலுக்கும் இடையிலுள்ள தடுப்பில், தண்ணீர் அண்டாத இடத்தில் சன்னலாகப் பொருத்தினார். கேப்டனுக்கு உள்ளூர மகிழ்ச்சி. வெளியே, "வெளிச்சம் சுமார்தான்" என்றார்.

கடைசியாகத் தண்ணீர்ச் சோதனை. எந்தப் படகானாலும் அக்கா மூடிக்கு நேர் கீழே மல்லாந்து படுத்துக்கொள்வார், மேலே ஒருவர் குழாயால் தண்ணீரைப் பீய்ச்ச வேண்டும். ஒழுகினால் முதல் சொட்டு தம் முகத்தில் விழட்டும் என்பார். மோதிரத்தால் ஒரு தட்டுத் தட்டினால், தண்ணீர் போதும் என்று பொருள், இரண்டு தட்டினால் இன்னும் ஊற்று. தாம் பதித்த மூடிக்கு இரண்டாவது தட்டு தட்டியதே இல்லை என்பதைப் புது வாடிக்கையாளர் எல்லோரிடமும் சொல்லிவிடுவார். ஒரு தட்டு, மூடி திறக்கும், தலை வெளியே வரும், "அடுத்த வேலை" என்பார்.

அன்று குழாயைப் பிடித்தவர் கேப்டன். விளிம்பு, மூலைகள், கீல் என்று சுற்றிச் சுற்றி அடித்தார். கீழிருந்து ஒரு தட்டு. குழாயை அடைத்துவிட்டு, மூடி திறக்கக் காத்து நின்றார். திறக்கவில்லை. குனிந்து பார்த்தார். ஈரமான பிளாஸ்டிக்குக்கு அடியில் அக்கா அப்படியே படுத்திருந்தார். முகத்தில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. கண்கள் நான்கு மூலைகளையும் ஒருமுறை சுற்றி வந்தன. பிறகு மோதிர விரலை உயர்த்தி, தம்பியின் முகத்துக்கு நேர் கீழே, இரண்டு தட்டுத் தட்டினார்.