லைமன் வண்டியில் ஒரு காலி இடம்

எலெக்டாவின் அம்மா ரோடாவுக்கு வாசிக்கத் தெரியும், எழுதத் தெரியாது. வெர்மான்ட் மலைப்பக்கத்தில் அவள் சிறுமியாக இருந்த காலத்தில் அதுதான் வழக்கம். பெண்பிள்ளை வாசித்தால் வேதம் படிப்பாள். எழுதினால் யாருக்கு என்னத்தை எழுதித் தொலைப்பாளோ என்று பெரிய மனிதர்களுக்குப் பயம். பையன்கள் கையில் இறகுப்பேனாவைக் கொடுத்தார்கள், பெண்கள் கையில் ஊசியைக் கொடுத்தார்கள். அந்தப் பெரிய மனிதர்களெல்லாம் செத்து மண்ணாகிவிட்டார்கள். அவர்கள் செய்துவைத்த காரியம்தான் சாகவில்லை.

கல்யாணமான மறுவருஷமே எலெக்டா புருஷன் ஓரின் தேயரோடு மேற்கே, இல்லினாய் புல்வெளிக்குக் குடிபெயர்ந்தாள். வெர்மான்டில் நிலத்துக் கல்லைப் பொறுக்கியே ஆயுசு போய்விடும், இல்லினாயில் நாள்பூரா ஏர் ஓட்டினாலும் ஒரு கல் தட்டாது என்று அப்போது ஊரெல்லாம் அதே பேச்சு. கல் தட்டவில்லை என்பது நிஜம்தான். வருஷாவருஷம் குளிர்காய்ச்சல் வந்து கட்டிலோடு சேர்த்து ஆளை ஆட்டும் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

புறப்படுகிற அன்று காலை ரோடா மகளிடம் ஓர் ஏற்பாடு சொன்னாள். அந்நாளில் கடிதம் போடுகிறவர் பெரும்பாலும் காசு கட்டுவதில்லை. வாங்குகிறவர் தலையில்தான் விழும். அத்தனை தூரத்துக் கடிதம் என்றால் ஒரு கூலியாளின் அரைநாள் உழைப்பு அதிலே போய்விடும். பழைய செய்தித்தாளைச் சுருட்டி அனுப்பினால் ஏறக்குறைய சும்மா வந்துசேரும்.

"பேப்பர் வந்தா நான் உசுரோட இருக்கேன்னு அர்த்தம்டி. கடிதாசி வந்தா நான் போயிட்டேன்னு வச்சுக்கோ. அதைக் காசு குடுத்து வாங்காதே. தெரிஞ்ச விஷயத்துக்கு எதுக்குக் காசு?"

சொல்லிவிட்டு ரோடாவே சிரித்துக்கொண்டாள். மகளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்படியே செய்தித்தாள்கள் வந்தன. பனிக்காலத்தில் ஒன்று, மேப்பிள் சர்க்கரை காய்ச்சி முடித்ததும் ஒன்று, அறுவடைக்குப் பின் ஒன்று. மேலுறையில் முகவரி மட்டும் அண்ணன் அசாவின் கையெழுத்து. பிளம் ஓடை குடியிருப்பில் லூமிஸ் வைத்திருந்த கடைதான் தபால் நிலையம். அங்கிருந்து செய்தித்தாளை வாங்கி வந்தால் எலெக்டா செய்தி எதையும் படிக்கமாட்டாள். ரோடா விரல் வைத்துத்தான் வாசிப்பாள், அந்த விரலில் எப்போதும் வெண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். எந்தப் பத்தியில் அந்தக் கறை இருக்கிறதோ, அதன்மேல் எலெக்டா தன் விரலை வைத்துக்கொள்வாள். ஆட்டு விலையாக இருந்தாலும் சரி, காணாமல் போன பசுவைப் பற்றிய விளம்பரமாக இருந்தாலும் சரி, அதை மட்டும் இரண்டு மூன்று தடவை வாசிப்பாள். அம்மாவோடு பேச அவளுக்கு இருந்த வழி அவ்வளவுதான். பதில் எழுதலாம் என்றால் அந்தக் காசு அம்மா தலையில் விழும். பிள்ளைகள் பார்க்காமல் ஏப்ரனில் முகத்தைத் துடைத்துக்கொண்டு சோளரொட்டி தட்டப் போய்விடுவாள்.

ஏழு வருஷம் இப்படி ஓடியது. ஒரு மார்ச் மாதம், சேறு முழங்கால்வரை இருந்த நாளில், லூமிஸ் ஒரு கடிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

எலெக்டா எடுத்துப் பார்த்தாள். வெர்மான்டிலிருந்து வந்ததுதான். ஆனால் கையெழுத்து அசாவுடையது அல்ல. பாதிரியாருடையதும் அல்ல. கோணல்மாணலாக, அவள் எங்குமே பார்த்திராத எழுத்து. அம்மா போனதை எழுத அண்ணனுக்குக் கை வரவில்லையா, தெருவில் போகிற எவனையோ பிடித்து எழுதச் சொல்லியிருக்கிறானா என்று துக்கத்துக்குள்ளேயே கோபமும் வந்தது. உறையை ஒரு தரம் தடவிப் பார்த்தாள், கீழே வைத்துவிட்டாள்.

லூமிஸ் நல்ல மனிதர். காசு இப்போது இல்லாவிட்டால் முட்டை வரும்போது கழித்துக்கொள்ளலாம் என்றார்.

"காசு இருக்குங்க. இதுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். நீங்க அனுப்பிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

யாரும் வாங்காத கடிதங்களோடு அதுவும் தலைநகருக்குப் போனது.

வீட்டுக்கு வந்ததும் வால்நட் தோலை வேகவைத்து, இருந்த ஒரே நல்ல கவுனைக் கறுப்பாக்கிக்கொண்டாள். பெற்றவளின் சாவுக் கடிதத்துக்குக்கூடக் காசை அவிழ்க்காத கஞ்சப் பிசினாறி என்று குடியிருப்பில் பேசினார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஓரின் மட்டும், அண்ணனுக்காவது ஒரு வரி எழுது என்று இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்தான். அவன் முதலில் எழுதட்டும் என்றாள் எலெக்டா. வெர்மான்ட்காரர்களுக்கு வீம்பு தாய்ப்பாலோடு வருவது. அதற்குப் பிறகு செய்தித்தாளும் வரவில்லை. வராதபோது அவள் நினைத்தது சரியாகிவிட்டது அல்லவா?

ஜூலையில், வாசலில் சோப்பு காய்ச்சிக்கொண்டிருந்தபோது, கிழக்கிலிருந்து மாட்டுவண்டி ஒன்று வந்து நின்றது. ஓட்டி வந்தவன் லைமன். வெர்மான்டில் பக்கத்துப் பண்ணைப் பையன். எலெக்டா ஊரை விட்டபோது மீசை முளைக்காதவன், இப்போது பெண்டாட்டி பிள்ளைகளோடு இல்லினாயில் நிலம் தேடி வந்திருக்கிறான்.

அவள் உடுப்பைப் பார்த்ததும் அவன் தொப்பியைக் கழற்றினான். "யாருக்கு என்ன ஆச்சுக்கா?"

"அம்மா போயிட்டாங்களே லைமன். மார்ச்சுல கடிதாசி வந்துச்சு. உனக்குத் தெரியாதா?"

லைமன் பெண்டாட்டியைத் திரும்பிப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "நாங்க மே மாசம் கிளம்பறப்ப வழிக்கு ரொட்டி சுட்டுக் குடுத்ததே உங்கம்மாதானேக்கா."

எலெக்டா துடுப்பை அப்படியே சோப்புச் சட்டியில் போட்டுவிட்டு மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள், அழுகையிலேயே சிரித்தாள். அம்மா ரொட்டி சுட்டாளா, எந்த ரொட்டி, இடுப்பு வலி எப்படி இருக்கிறது, இன்னும் விரல் வைத்துத்தான் வாசிக்கிறாளா என்று மாறி மாறிக் கேட்டாள். செத்தவள் பிழைத்து வந்தால் யாருக்குத்தான் நிதானம் இருக்கும்?

லைமனின் பெண்டாட்டிக்கு மனதில் ஒன்று வைத்துக்கொண்டு வாயில் ஒன்று பேசத் தெரியாது. "இவ்வளவு பாசம் இருக்கில்ல? அப்புறம் ஏங்க அவங்க கேட்டதுக்கு ஒரு பதில் போடல?"

என்ன கேட்டாள் என்று எலெக்டாவுக்கு எப்படித் தெரியும்? அவர்கள்தான் சொன்னார்கள். போன பனிக்காலத்தில் பள்ளிக்கூட டீச்சரம்மா ரோடா வீட்டில் தங்கியிருந்தாள். அவளிடம் கெஞ்சிக் கூத்தாடி, ஐம்பத்தாறு வயதில், ரோடா எழுதக் கற்றுக்கொண்டாள். மகனுக்குத் தெரிந்தால் இந்த வயதில் எதற்கு அலைச்சல் என்று தடுப்பான். அதனால் அவனுக்குத் தெரியாமல், தன் கையால், முதல்முதலாக ஒரு கடிதம் எழுதி மகளுக்கு அனுப்பினாள். லைமன் இல்லினாய் வருகிறான், அவனோடு வந்து உன்னோடேயே இருந்துவிடட்டுமா என்று கேட்டிருந்தாள். நேரிலேயே போகப்போகிறோமே என்று பேப்பர் அனுப்புவதையும் நிறுத்திவிட்டாள்.

"முன்பலகையில என் பக்கத்துல இடம் வச்சிருந்தேன்க்கா, அவங்களால நடக்க முடியாதுன்னு. உங்க பதில் வரும் வரும்னு பத்து நாள் பயணத்தைத் தள்ளிப்போட்டோம். கடைசி நாளும் பெட்டியைக் கட்டித்தான் வச்சிருந்தாங்க."

"ஒண்ணுமே சொல்லலியா?"

"சொன்னாங்க. 'ஒரே அறையில அத்தனை பேரு கிடக்குறாங்க, பாவம், என்னை எங்கே படுக்கவைப்பா? வேண்டாம்னு எழுத அவளுக்கு மனசு வரல, அதான் எழுதல. அவளை நீ ஒண்ணும் கேக்காதே'ன்னாங்க."

பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல் என்பார்கள். எலெக்டாவின் மனம் கல்லா என்று அந்த வாசலில் நின்றவர்களைத்தான் கேட்க வேண்டும். அவள் சக்கரத்தில் கால் வைத்து ஏறி, முன்பலகையில் அம்மாவுக்கு வைத்திருந்த இடத்தில் போய் உட்கார்ந்தாள். அங்கிருந்து பார்த்தால் அவளுடைய மரவீடு தெரிந்தது, புகைபோக்கி தெரிந்தது, வாசல் தெரிந்தது. வண்டியில் வந்தவர்களும் ஓரினும் பிள்ளைகளும் கீழே நின்றார்கள்.

அன்றே கடிதம் எழுதினாள். இலையுதிர் காலத்தில் பதில் வந்தது, அதே கோணல்மாணல் எழுத்தில். லூமிஸ் எடுத்துத் தருவதற்குள் கையை நீட்டிப் பிடுங்கிக்கொண்டு, கடையில் நின்றபடியே படித்தாள்.

"அடி பைத்தியமே, செத்தவ எப்படிடீ கடிதாசி எழுதுவா? தப்பு என்மேலதான். பேப்பர்னா உசுரு, கடிதாசின்னா சாவுன்னு சொன்னவ நான்தானே. எழுதக் கத்துக்கிட்ட சந்தோஷத்துல மறந்தே போச்சு. ஆகஸ்டுல படியில விழுந்து இடுப்பு போச்சு, இப்ப கம்பு ஊணித்தான் நடக்கறேன். இந்தப் பக்கத்துலேர்ந்து அங்கே வர்றவங்களும் யாருமில்லே. யாராவது வந்தா இந்தத் தடவை உன்னைக் கேக்கமாட்டேன். ஏறி வந்துடுவேன்."

அந்தப் பக்கத்திலிருந்து யாரும் கிளம்பவில்லை. கடிதங்கள்தான் வந்தன, நிறைய வந்தன. எலெக்டா ஒன்றையும் விடவில்லை. நான்கு வருஷம் கழித்து அசாவின் கையெழுத்தில் ஒன்று வந்தது. அதையும் காசு கொடுத்து வாங்கி, கடைசி வரிவரை படித்து, நல்ல கவுனை மறுபடி வால்நட் சாயத்தில் முக்கினாள்.

ஆனாலும் கிழக்கிலிருந்து வண்டிச் சத்தம் கேட்டால், மாவுக் கையோடு வாசலுக்கு வந்துவிடுவாள். ஓட்டுகிறவன் முகத்தைப் பார்க்கமாட்டாள், அவன் பக்கத்து இடத்தைத்தான் பார்ப்பாள். அதுதான் கடிதமே வந்தாயிற்றே, இன்னும் யாரை எதிர்பார்க்கிறாய் என்று ஓரின் ஒருநாள் கேட்டுவிட்டான்.

"முன்னாடியும் ஒருதரம் செத்துட்டாங்கதானே" என்றாள் எலெக்டா. வண்டி கண்ணுக்கு மறைந்த பிறகுதான் உள்ளே போனாள்.