கை உள்ளே இருக்கிறது

சத்தியமாக நடந்தது. பதினோரு வருடமாக ரத்தப் பரிசோதனை லேபில் குப்பை கொட்டுகிறேன். கதை கட்ட எனக்கு நேரமும் இல்லை, தெம்பும் இல்லை.

ஞாயிறு மதியம். லேபில் நான் மட்டும். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து மயக்க மருந்து டாக்டர் போனில் கத்தினார்.

"பொட்டாசியம் எவ்வளவுன்னு தெரியாம நான் மருந்து குடுக்க மாட்டேன். குடல் வெடிச்சுக் கிடக்கு அந்தம்மாவுக்கு. சீக்கிரம்!"

ரத்தக் குழாயைத் தட்டில் வைத்து மெஷினுக்குள் அனுப்பினேன். செகண்ட் ஹேண்டில் வாங்கிய தானியங்கி மெஷின். தட்டு உள்ளே போனதும் மேலிருந்து ஊசி இறங்கி ரத்தத்தை உறிஞ்சும். வாசலில் ஒரு சென்சார் கண் இருக்கும். யாராவது கையை நீட்டினால் ஊசி நின்றுவிடும்.

"டிக்... டிக்..."

நின்றது. திரையில் சிவப்பு எழுத்து: கை உள்ளே இருக்கிறது.

யார் கை? என் இரண்டு கையும் இடுப்பில் இருந்தன.

மறுபடி ஓட்டினேன். அதே எழுத்து. "சனியனே!" என்று மெஷின் தலையில் ஒரு போடு போட்டேன். சர்வீஸ் எஞ்சினியர் போனை எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அல்லவா, மகாராஜா தூங்குவார்.

லேப் டெக்னீஷியன்களின் வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். சென்சார் கண்ணைப் பஞ்சால் துடை என்றார் ஒருவர். துடைத்தேன். கை உள்ளே இருக்கிறது. மெஷினை அணைத்துவிட்டு மறுபடி போடு என்றார் இன்னொருவர். போட்டேன். கை உள்ளே இருக்கிறது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கடைசியில், நாங்கள் "குறுக்குவழி அண்ணன்" என்று கூப்பிடுகிறவர் குரல் பதிவு அனுப்பினார்.

"கண்ணு மேல கறுப்பு டேப் ஒட்டும்மா. குருடாயிடும், பேசாம ஓடும். நாங்க எல்லாம் அப்படித்தான் ஓட்டறோம்."

தப்பு என்று தெரியும். ஆனால் மறுபடி டாக்டரின் போன். ஒட்டிவிட்டேன்.

ஓடியது! ஆனால் குழாய் சாய்ந்திருந்தது. ஊசி இடித்தால் உடையும். அந்த அம்மாவிடம் மறுபடி குத்த நரம்பு கிடைக்காது. யோசிக்காமல் கையை உள்ளே விட்டேன்.

"விர்ர்ர்..."

ஊசி இறங்கியது. கையை இழுத்தேன்... வரவில்லை. கையுறை தட்டில் மாட்டியிருந்தது.

அப்போது என் கையின் மேல் இன்னொரு கை படிந்தது.

ஜில்லென்று... ஐந்து விரல்.

ஊசி நின்றது.

கை உள்ளே இருக்கிறது.

எப்படிக் கையை உருவினேன் என்று தெரியாது. அடுத்த முறை மெஷின் முரண்டு பிடிக்காமல் ஓடியது. ரிசல்ட் போனது, அந்த அம்மா பிழைத்தார். நான்தான் மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தேன்.

வியாழக்கிழமை எஞ்சினியர் வந்தார். டேப்பைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பின்பக்க மூடியைக் கழற்றினார்.

"டேப் எதுக்கு மேடம்? இந்தக் கண்ணுக்கு வயரே கிடையாது. பழைய லேப்ல ஒருத்தர் வேலை சீக்கிரம் முடியணும்னு வெட்டி விட்டுட்டார்."

"அவர் இப்ப எங்க?"

"ஊசி அவர் கையிலயே இறங்கிடுச்சு. யாரோட ரத்தமோ, நோய் தொத்திக்கிச்சு... ஒரு வருஷத்துல போயிட்டார்."

"அப்போ கை இருக்குன்னு திரையில வந்துச்சே?"

அவர் சிரிப்பை நிறுத்தினார். வெட்டுப்பட்ட வயரை என் முன் நீட்டினார்.

"வராது மேடம். வரவே முடியாது."

அன்று ஐந்து முறை வந்தது.