சாமி இல்லாதவன் சாட்சி

மாணிக்கவாசகத்துக்குக் கடவுள் நம்பிக்கை போனது சயாமில்தான் என்று மலாக்கா காஜா பேராங்கில் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஜப்பான்காரன் காலத்தில் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனவர்களில் அவனும் ஒருவன். திரும்பி வந்தவர்களிடம் எந்தக் கோணல் தெரிந்தாலும் ஊருக்கு அந்த ஒரு காரணம் போதும். குடித்தால் சயாம், பெண்டாட்டியை அடித்தால் சயாம், கோயிலுக்குப் போகாவிட்டால் சயாம். அவனும் மறுத்ததில்லை. மறுக்க ஆரம்பித்தால் பேச வேண்டியிருக்கும்.

உண்மை வேறு. சயாமில் அவன் கும்பிடாத சாமி கிடையாது. மூங்கில் கொட்டகையில் காலராவில் கிடந்தபோது மாரியம்மனைக் கூப்பிட்டான், முருகனைக் கூப்பிட்டான், பக்கத்தில் கிடந்த நாகப்பட்டினத்து ஆள் கூப்பிட்ட மாதாவையும் சேர்த்துக் கூப்பிட்டான். பிழைத்து வந்தான். நம்பிக்கை போனது அதற்கெல்லாம் பிறகு, அரிசி தாராளமாகக் கிடைக்கத் தொடங்கி, டவுன் பஸ்ஸில் கண்டக்டர் வேலையும் அமைந்து, ஜாலான் பெண்டஹாரா கடைத்தெருவில் கூறைப்புடவை எடுத்துச் சந்திரமதியைக் கல்யாணமும் செய்துகொண்ட நல்ல காலத்தில். ஒருநாள் பஸ் தெங்கேராவில் ஒரு கோயிலைத் தாண்டியபோது வழக்கம்போல் கையைத் தூக்கினான். தூக்கிய கைக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை என்று அப்போது தெரிந்தது. கோபம் இல்லை, வருத்தமும் இல்லை. கையை இறக்கி அடுத்த ஆளுக்கு டிக்கெட் கிழித்தான்.

அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளும் தெம்பு அவனிடம் இல்லை. நாள் முழுக்க நின்றே செய்யும் வேலை. சாயங்காலம் கெண்டைக்கால் நரம்பெல்லாம் புடைத்துக்கொள்ளும். பகுத்தறிவு பேசும் சங்கத்துக்காரர்கள் ஒருமுறை வந்து மேடையில் பேசக் கூப்பிட்டார்கள். "நின்னுக்கிட்டே பேசணுமா?" என்று கேட்டான். ஆமாம் என்றார்கள். "அப்ப வேண்டாம்" என்று அனுப்பிவிட்டான்.

சந்திரமதி அவனுக்கும் சேர்த்துக் கும்பிட்டாள். வெள்ளிக்கிழமை தவறாமல் சந்துக் கடைசியில் இருந்த முனியாண்டி கோயிலுக்குப் போவாள். கோயில் என்றால் தகரக் கூரை, தகரக் கதவு, உள்ளே சுதையில் செய்த முனியாண்டி. பின்புறம் ஒட்டினாற்போல் ஒரு சின்ன அறை. அதில் அஞ்சலை என்று ஒரு கைம்பெண் குடியிருந்து, கோயிலைக் கூட்டிப் பெருக்கி வந்தாள். சந்திரமதி அங்கே கேட்டது ஒன்றே ஒன்றுதான்: பிள்ளை. பல வருஷம் கேட்டாள். மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த வருஷம் அவளுக்கு வயிறு தெரியத் தொடங்கியது. "முனியாண்டி குடுத்தது" என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாள். மாணிக்கவாசகம் சிரித்துக்கொண்டான். யார் கொடுத்தால் என்ன, அவள் முகம் அப்படி ஆயிற்றே என்றிருந்தது அவனுக்கு.

சுதந்திர நாளன்று மலாக்கா முழுக்கப் பாடாங் திடலில் இருந்தது. காஜா பேராங்கில் வீட்டைக் காக்கக்கூட ஆள் இல்லை. பூசாரியும் உச்சிப் பூசை முடித்து, கதவுக் கொண்டியில் கம்பியைச் சுற்றிவிட்டு வேடிக்கை பார்க்கப் போய்விட்டார். விளக்கு வைக்க வந்து கதவைத் திறந்தபோது முனியாண்டி முகத்தில் வெள்ளிக் கண்கள் இல்லை. பக்தர்கள் காணிக்கையாகப் போட்ட வெள்ளியை உருக்கிச் செய்து பதித்த கண்கள். பெயர்த்தெடுத்த இடத்தில் சுண்ணாம்பு மட்டும் தெரிந்தது.

அஞ்சலைமேல்தான் பழி விழுந்தது. அவள் ஒருத்திதான் பாடாங்கில் யார் கண்ணிலும் படவில்லை. புக்கிட் பாருவில் அக்காளுக்குக் காய்ச்சல், பார்க்கப் போயிருந்தேன் என்றாள். அக்காள் தங்கைக்காகச் சொல்வது சாட்சியா என்று கேட்டுவிட்டார்கள். கோயில் தலைவர் கலியாணசுந்தரம் ஒரு ரப்பர் கம்பெனியில் கிராணி, கணக்கு எழுதுகிறவர். கெட்டவர் இல்லை, ஆனால் எதையும் உடனே முடித்துவிட வேண்டும் அவருக்கு. போலீசுக்குப் போக வேண்டாம், அறையைக் காலி பண்ணிக்கொண்டு போகட்டும் என்றார்.

செய்தி மாணிக்கவாசகத்துக்குச் சாப்பாட்டு நேரத்தில் சந்திரமதி வாயால் வந்தது. தட்டில் கை வைத்தபடியே அவன் நிமிர்ந்தான்.

"அது எப்படி? அஞ்சலையம்மா என் பஸ்ஸுலதான போச்சு."

அவனுக்கு நன்றாக நினைவிருந்தது. ஊரெல்லாம் டவுனுக்குள் வந்துகொண்டிருக்க, புக்கிட் பாரு போகும் பஸ் காலியாகக் கிடந்தது. உச்சிப் பூசை மணி அப்போதுதான் ஓய்ந்திருந்தது. அஞ்சலை ஒருத்திதான் ஏறினாள், கையில் கஞ்சித் தூக்கோடு. இருட்டும் நேரத்தில் அதே பஸ்ஸில்தான் திரும்பினாள். வந்து இறங்கியபோது கோயில் வாசலில் கூட்டம் கூடியிருந்தது.

"போய்ச் சொல்லுங்க" என்றாள் சந்திரமதி.

அவனுக்குக் கால் வலித்தது. நாளைக்குச் சொன்னால் ஆகாதா என்று கேட்கத்தான் வாய் வந்தது. அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டான்.

கோயில் முன்னால் கலியாணசுந்தரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் சந்துக்காரர்கள் நின்றார்கள். அஞ்சலை தன் மூட்டையைக் கட்டி வைத்துக்கொண்டு ஓரத்தில் குந்தியிருந்தாள். மாணிக்கவாசகம் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னான்.

"சரி மாணிக்கம், நீ சொல்றத நான் இல்லேங்கல" என்றார் கலியாணசுந்தரம். "சாமி காரியம். கற்பூரத்த அணச்சு சத்தியம் பண்ணிடு. முடிஞ்சுது."

"பண்றேன்" என்றான் அவன். அவனுக்கு வீட்டுக்குப் போனால் போதும் என்றிருந்தது.

கூட்டத்தில் ஒருவர் குறுக்கே வந்தார். "இவரு அணச்சா என்னங்க அர்த்தம்? நாம அணச்சா குலம் நாசமாயிரும்னு பயம் இருக்கு. இவருக்குச் சாமியே கெடையாது. வெறும் நெருப்ப அணைக்கிற மாதிரிதான்."

"அதுவும் சரிதான்" என்றார் கலியாணசுந்தரம், சங்கடத்தோடு.

"அப்ப நான் சத்தியம் பண்ணாட்டி பொய்யி. பண்ணினா செல்லாது" என்றான் மாணிக்கவாசகம். "நான் என்னதாங்க பண்றது?"

அவனை யாரும் பொய்யன் என்று சொல்லவில்லை. பாக்கிச் சில்லறையைத் தேடிவந்து கொடுக்கிற கண்டக்டர் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் எதைப் பிடித்துக்கொண்டு அவனை நம்புவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அவனுக்கு அவர்கள்மேல் கோபம்கூட வரவில்லை. களைப்பாக இருந்தது.

பின்னால் நின்ற சந்திரமதி அப்போதுதான் முன்னே வந்தாள்.

"அவருக்குத்தான சாமி இல்ல? எனக்கு இருக்கு. நான் அணைக்கிறேன்."

பெண்கள் பதறினார்கள். வயிற்றுப்பிள்ளைக்காரி சத்தியம் செய்யக் கூடாது என்று ஒருத்தி கையைப் பிடித்து இழுத்தாள். மாணிக்கவாசகம் அவள் பக்கத்தில் போனான்.

"வேணாம் புள்ள. விடு. வீட்டுக்குப் போலாம்."

"நீங்க பாத்தது நெஜந்தான?"

"நெஜம்."

"அப்புறம் எனக்கென்ன பயம்?"

பூசாரி தட்டில் கற்பூரம் ஏற்றினார். "என் வீட்டுக்காரர் சொன்னது பொய்யானா, அது என் தலையிலயும் என் வயித்துலயும் விடியட்டும்" என்று சொல்லி, அவள் உள்ளங்கையால் அந்த நெருப்பை அமுக்கினாள். கை எடுத்தபோது உள்ளங்கையில் கறுப்பாக ஒட்டியிருந்தது. கலியாணசுந்தரம் எழுந்து அஞ்சலையின் மூட்டையைத் தன் கையாலேயே எடுத்து அறைக்குள் வைத்தார். அந்த அளவுக்கு நல்ல மனுஷன்தான்.

தீபாவளி போய்க் கொஞ்ச நாளில் பிள்ளை பிறந்தது. ஆண்பிள்ளை. அழவில்லை. ஆஸ்பத்திரி நர்ஸ் மிஸ்ஸி அதைத் துணியில் சுற்றி மாணிக்கவாசகத்திடம் கொடுத்தபோது, இன்னும் சூடு இருந்தது. சயாமில் அவன் எத்தனையோ பேரைத் தூக்கிப் போய்ப் புதைத்திருக்கிறான். இந்தச் சின்ன மூட்டையை எப்படிப் பிடிப்பது என்றுதான் அவனுக்குத் தெரியவில்லை.

சந்துக்காரர்கள் துக்கம் விசாரிக்க வந்தார்கள், சோறு கொண்டுவந்தார்கள், நன்றாகத்தான் நடந்துகொண்டார்கள். ஆனால் குழாயடியில் பேச்சு வேறாக இருந்தது. சத்தியம் சும்மா விடுமா என்றார்கள். அந்த ஆளு என்னத்தைப் பார்த்தானோ என்றார்கள். ஒருவர் இரக்கத்தோடு, "சயாம் போயிட்டு வந்தவன், மூளை கொழம்பியிருக்கும், நாள மாத்திச் சொல்லியிருப்பான்" என்றார். அஞ்சலையை யாரும் விரட்டவில்லை; அவள் கூட்டிய இடத்தில் காலை வைக்கத் தயங்கினார்கள். அவளே ஒரு காலையில் மூட்டையைக் கட்டிக்கொண்டு அக்காள் வீட்டுக்குப் புறப்பட்டாள். போகும் முன் சந்திரமதியின் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"என்னாலதான தாயி உனக்கு இப்படி ஆச்சு."

சந்திரமதி அஞ்சலையின் முகத்தைப் பார்க்கவில்லை. மாணிக்கவாசகம்தான் அவளைக் கூட்டிப்போய்ப் பஸ் ஏற்றினான். டிக்கெட் கொடுத்தபோது அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ பாத்தத நீயே சந்தேகப்பட்டுராத தம்பி" என்றாள். இவளுக்கு இது எப்படித் தோன்றியது என்று அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது. அவன் உண்மையிலேயே இரண்டொரு முறை தன்னைக் கேட்டுப் பார்த்திருந்தான். மணி ஓய்ந்திருந்தது. கையில் தூக்கு இருந்தது. பஸ் காலியாக இருந்தது. எத்தனை முறை கேட்டாலும் அதுவேதான் வந்தது.

சந்திரமதி கேட்பாள் என்று அவனுக்குத் தெரியும். ஒரு மத்தியானம், அவனுக்கு ஓய்வு நாள், அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"ஏங்க, கோவிச்சுக்க மாட்டேன். நெஜத்தச் சொல்லுங்க. அன்னிக்கு அஞ்சலையம்மாவ நீங்க பாத்தீங்களா?"

அவள் எந்தப் பதிலுக்காகக் காத்திருக்கிறாள் என்று அவனுக்குப் புரிந்தது. பார்க்கவில்லை, இரக்கப்பட்டுச் சொன்ன பொய் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் அவன்மேல் விழுந்து அடிப்பாள், அழுவாள், அப்புறம் எல்லாம் அதனதன் இடத்தில் உட்கார்ந்துவிடும். தப்பு நடந்தது, தண்டனை வந்தது, சாமி சரியாகத்தான் இருக்கிறது. பொய் சொன்ன புருஷனோடு வாழ்ந்துவிடலாம். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் வாழ்கிறார்கள். பார்த்தேன் என்று சொன்னால், நிஜத்துக்குச் சத்தியம் செய்தவளின் பிள்ளையைச் சாமி எதற்காக எடுத்துக்கொண்டது என்ற கேள்வியோடு அவள் தினம் எழுந்திருக்க வேண்டும். அவனுக்கு அந்தக் கேள்வி இல்லை. அவனுக்குப் பிள்ளை செத்தது, அவ்வளவுதான். அவளுக்கு அதற்குமேலும் ஒன்று சாக வேண்டும்.

சொல்லிவிடலாமா என்று நினைத்தான். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் சொன்னால் புக்கிட் பாருவில் அக்காள் வீட்டுக் கோடியில் உட்கார்ந்திருக்கும் அஞ்சலை திருடியாகிவிடுவாள்.

"பாத்தேன்" என்றான். "மணி அடிச்சு ஓஞ்சப்புறம் ஏறுச்சு. இருட்டுறப்ப எறங்குச்சு. நெஜம்."

அவள் கீரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மீதியை ஆய்ந்து முடித்தாள். அன்று சாயங்காலம் விளக்கு ஏற்றவில்லை. மறுநாளும் இல்லை. பேச்சும் இல்லை. பல நாள் கழித்து, அவன் வேலைக்குக் கிளம்பும்போது பின்னாலிருந்து சொன்னாள்:

"நான் உங்கள நம்புறேன். சாமிய அப்புறம் பாத்துக்கறேன்."

முனியாண்டியின் வெள்ளிக் கண்கள் கிடைக்கவே இல்லை. யார் எடுத்தார்கள் என்றும் தெரியவில்லை. புதிதாகச் செய்து பதித்தார்கள். அந்த விழாவுக்குச் சந்திரமதி போகவில்லை. வெள்ளிக்கிழமைகளில் வாசலில் உட்கார்ந்து, கோயிலுக்குப் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மாணிக்கவாசகத்துக்கு அது நிம்மதி தரவில்லை. தன்னைப் போல் ஆகிவிட்டாளே என்று சந்தோஷப்பட அவனால் முடியவில்லை. அவனுக்கு அது தானாகக் கழன்று விழுந்தது, வலிக்கவில்லை. அவளிடமிருந்து பிடுங்கப்பட்டிருந்தது. சமைத்தாள், துவைத்தாள், பேசினால் பதில் சொன்னாள். உப்பு மட்டும் அடிக்கடி மறந்துபோனாள். மறுபடி பிள்ளை தங்கவில்லை.

கலியாணசுந்தரம் ஓய்வு பெற்றபின் ஒருநாள் பஸ்ஸில் அவனைப் பக்கத்தில் கூப்பிட்டுக் கேட்டார். அவருக்கு அந்த வருஷம் மனைவி தவறியிருந்தாள். "எனக்குக் கோயில் இருக்கு மாணிக்கம். போய் ஒரு மூலையில ஒக்காந்துக்கறேன். நீ எப்படித் தாங்குற?"

"தாங்குறதுன்னு ஒண்ணும் இல்லீங்க ஐயா. காலையில பஸ் வருது. ஏறிக்கறேன்."

அவர் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கும் இடத்தில் அவன் அவரைக் கைபிடித்து இறக்கிவிட்டான்.

அடுத்த வருஷம் மழைக்காலத்தில், ஒரு சாதாரண வெள்ளிக்கிழமை, சந்திரமதி குளித்துப் புடவை மாற்றிக்கொண்டு, செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். அவன் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து காலைச் சுடுதண்ணீரில் வைத்திருந்தான்.

"எங்க?"

"கோயிலுக்கு."

அவன் கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டான். "என்ன, சமாதானம் ஆயிடுச்சா?"

"சமாதானமும் இல்ல, ஒண்ணும் இல்ல." செருப்பு கிடைத்துவிட்டது. குனிந்து போட்டுக்கொண்டாள். "கேக்க வேண்டியது நெறைய இருக்கு. உங்கள்ட்ட எத்தன நாளுக்குக் கேக்குறது? நீங்க பாவம், உங்களுக்கே தெரியாது. சண்ட போடவும் ஒரு ஆளு வேணும்ல."

அவள் குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். சந்தில் தண்ணீர் தேங்கியிருந்தது. புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். மாணிக்கவாசகம் பார்த்துக்கொண்டிருந்தான். தனக்குச் சண்டை போட அப்படி ஒரு ஆள் இல்லை என்பது அன்றுதான் அவனுக்கு ஒரு குறையாகப் பட்டது. ஆனால் அதற்காக இல்லாததை இருக்கிறது என்று எப்படி நினைத்துக்கொள்வது? தண்ணீர் ஆறிப்போயிருந்தது. எழுந்து அடுப்படிக்குப் போய் இன்னும் கொஞ்சம் சுடவைத்தான். அவள் திரும்பி வரும்போது ஈரத்தோடு வருவாள், தேத்தண்ணிக்கும் ஆகட்டும் என்று பாத்திரம் நிறைய வைத்தான்.