கரியாக்கூவில் அத்தான் பார்த்த காணி

"…பார்க்கப் போறன் எண்டுதானே சொன்னனான்? வாங்கப் போறன் எண்டு எப்ப சொன்னனான்? காணியைப் பார்க்கிறதும் குற்றமோ?" என்று அத்தான் போனுக்குள் சத்தம் போட, ரொறன்ரோ பியர்சன் விமான நிலைய வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்ற தம்பதி தங்கள் பெட்டியை இரண்டடி முன்னே தள்ளிக்கொண்டார்கள். மறுமுனையில் என் அக்கா, அதாவது அத்தானின் மனைவி. அவள் என்ன பதில் சொன்னாளோ, அத்தான் போனை என் கையில் திணித்துவிட்டார்.

"டேய் தம்பி, அந்தாள் பேனையைக் கையிலை எடுத்தால் தட்டி விடு. அதுக்குத்தான் உன்னைக் கூட அனுப்பிறன்" என்றாள் அக்கா.

மார்ச் மாதத்துச் சனிக்கிழமை. நான் ஸ்காபரோவில் பாடசாலை பஸ் ஓட்டுகிறவன். அந்த வாரம் பிள்ளைகளுக்கு விடுமுறை, ஆகவே எனக்கும். அத்தானுக்கு மார்க்கம் நகரில் வாகன உதிரிப்பாகத் தொழிற்சாலை ஒன்றில் வேலை. வருகிற கோடையில் ஓய்வு. அவரோடு ஒரே லைனில் நிற்கும் கிளென் என்பவருக்குச் சொந்த ஊர் கரியாக்கூ, கிரெனடா நாட்டைச் சேர்ந்த சின்னத் தீவு. 'கடலோரம் என்ரை பங்கு சும்மா கிடக்குது, நீ எடன்' என்று கிளென் சாப்பாட்டு இடைவேளைகளில் சொல்லிச் சொல்லி, அத்தானின் மண்டைக்குள் அந்தக் காணியில் ஏற்கெனவே நாலு அறையும் ஒரு விறாந்தையும் எழும்பிவிட்டன. வாங்கினால் அக்காவும் அத்தானும் ஓய்வுக்கென்று சேர்த்த காசு முழுவதும் அதற்குள் போய்விடும். அக்காவுக்கு நித்திரை இல்லை. அத்தானுக்கும் நித்திரை இல்லை, காரணம்தான் வேறு.

ஐந்து மணி நேரப் பறப்பு. கிரெனடாவில் இறங்கியதும் சூடு முகத்தில் ஈரத்துணி போல விழுந்தது. துறைமுகத்தில் கரியாக்கூ போகும் கப்பலுக்கு ஆளுக்கு எண்பது கிழக்குக் கரிபியன் டொலர். எங்கள் கனடாக் காசுக்கு நாற்பதுக்குக் கொஞ்சம் மேலே. வடக்கே இரண்டு மணி நேரப் பயணம். நடுவழியில் கடலுக்கடியில் ஓர் எரிமலை இருக்கிறது. கப்பல் அதைச் சுற்றி வளைந்துதான் போகும். அந்த இடத்தில் அலை சற்று ஆட்டிப் பார்த்தது. அத்தான் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

பக்கத்தில் ஒரு பெண் கலியாணக் கேக் பெட்டியை மடியில் வைத்துக் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டிருந்தார். அந்த ஊரார் பேசுவது ஆங்கிலம்தான், ஆனால் அவர்களுக்கேயான ஆங்கிலம். என் காதில் அது எப்படி விழுந்ததோ அப்படியே எங்கள் வாய்த் தமிழில் எழுதுகிறேன்.

"பயப்பிடாதை. அவள் கீழை நித்திரை" என்றார் எரிமலையைப் பற்றி. பிறகு எங்களை ஏற இறங்கப் பார்த்து, "நீங்கள் ஆரின்ரை ஆக்கள்?" என்றார்.

அத்தான் என் பக்கம் குனிந்தார். "மச்சான், உது எங்கடை ஆக்கள் கேக்கிற கேள்வியெல்லே!" பிறகு அவரிடம், "கிளென்ரை சிநேகிதர்" என்றார்.

"விண்ட்வேர்ட் ஊர்க் கிளெனோ?"

"ஓம்."

"அப்ப அல்மாவிட்டைப் போறியள்" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் கடலைப் பார்க்கத் தொடங்கினார்.

ஹில்ஸ்பரோ என்பதுதான் தலைநகர். ஒரு நீளத் தெரு, ஒரு இறங்குதுறை, இரண்டு வங்கி. அங்கிருந்து தீவின் மறுபக்கத்தில் உள்ள விண்ட்வேர்டுக்கு வான் உண்டு, ஆளுக்கு ஐந்து டொலர். தூரம் ஐந்தாறு கிலோமீற்றர்தான். ஆனால் சாரதி டெக்ஸ்டர் ஒரு வீட்டில் பாண் கொடுத்தார், இன்னொரு வீட்டில் ஒருவரின் இருமலை விசாரித்தார், றோட்டில் படுத்திருந்த செம்மறிகள் எழும்பும்வரை எஞ்சினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். எங்கள் ஸ்காபரோவில் நான் அரை நிமிடம் பிந்தினால் மூன்று தாய்மார் போன் பண்ணுவார்கள்.

வழியெங்கும் வீடுகளில் நீலத் தார்ப்பாய். பெரும்புயல் அடித்துப் போன பிறகு பாதித் தீவு இன்னும் கூரை வேய்ந்து முடியவில்லை. இங்கே ஆறு இல்லை. கூரையில் விழும் மழைதான் பீலி வழியாகத் தொட்டிக்கு வந்து குடிநீர் ஆகிறது. "கூரை பறந்த அண்டைக்கே எங்கடை கிணறும் பறந்திட்டுது" என்றார் டெக்ஸ்டர், காலநிலை அறிக்கை வாசிப்பது போல.

அல்மா கிளெனின் ஒன்றுவிட்ட சகோதரி. அறுபது வயதிருக்கும், நெடிய ஆள், பாடசாலையில் சமையல் வேலை. வீட்டில் பாதிக்குத் தகரக் கூரை, பாதிக்குத் தார்ப்பாய். முற்றத்து மாமரத்தடியில் புதுத் தகரங்கள் கட்டுப் பிரிக்காமல் அடுக்கிக் கிடந்தன. ரொறன்ரோவின் பார்க்டேலில் வந்து இறங்கிய புதிதில் அத்தான் போர்த்துக்கேயரோடு கூரை வேலைக்குப் போனவர். பெட்டியைக் கீழே வைக்கமுதலே கேட்டுவிட்டார்.

"தகரத்தை வைச்சுக்கொண்டு ஏன் சும்மா இருக்கிறியள்? மழை வந்தால்?"

"உன்னைத்தான் பாத்துக்கொண்டு இருக்கிறன்" என்றார் அல்மா. "கூரை போடாதை, காணி கைமாறப் போகுது எண்டு கிளென் சொன்னவன். நீ வாங்கினால் இந்தத் தகரம் என்ரை தங்கச்சி வீட்டுக்குப் போகும், பின்னாலை நானும் போவன். வாங்காட்டி இந்தக் கூரையிலை அடிப்பன். கோவம் ஒண்டும் இல்லை. நீ கப்பல் ஏறமுதல் ஒரு சொல் சொல்லிப்போடு."

கிளென் அத்தானுக்குச் சொன்னது வெறுங்காணி என்று.

அதற்குப் பிறகு அல்மா, "ராவுக்குச் சாப்பிடுவியளோ?" என்று கேட்டார். அத்தான் பழக்கதோஷத்தில், "ஐயோ வேண்டாம், உங்களுக்கு ஏன் கரைச்சல்" என்றார். எங்களுக்குள் இது 'இன்னும் இரண்டு தரம் கேளுங்கோ' என்று அர்த்தம். மூன்றாம் தரம் கேட்காத வீட்டுக்காரரை ரொறன்ரோவில் வருடக்கணக்கில் கதைப்பார்கள். அல்மா, "சரி" என்று சொல்லி அடுப்பை அணைத்துவிட்டார். அன்றிரவு நாங்கள் அக்கா கட்டித் தந்த பயிற்றம் பணியாரத்தைத் தண்ணீரில் நனைத்து விழுங்கினோம்.

"மச்சான், ஆள் இருக்கிற காணி எண்டு கிளென் சொல்லேல்லை" என்றார் அத்தான்.

"இப்ப தெரிஞ்சுதுதானே."

"தெரிஞ்சுது. ஆனால் நல்ல காணி, கண்டியோ."

ஞாயிறு. உண்மையில் நல்ல காணிதான். புளியமரத்திலிருந்து சரிந்து கடலுக்குப் போகிறது. எதிரே பெற்றிற் மார்ட்டினிக் தீவு ஒரு கவிழ்த்த சட்டி போல. தண்ணீர் கரையில் பச்சை, அப்பால் நீலம். கடற்கரை நெடுக ஹோட்டலும் இல்லை, சாய்கதிரையும் இல்லை, ஒரு விளம்பரப் பலகைகூட இல்லை. காணிக்குள் ஆடுமாடு தம் பாட்டில் மேய்ந்தன. சோளமும் துவரையும் அறுவடையான பிறகு மழைக்காலம் வரை எல்லாக் கால்நடையையும் அவிழ்த்து விட்டுவிடுவார்கள். அதற்கு 'லெக்கோ காலம்' என்று பெயர். அவை தண்ணீர் குடிக்கச் சரிவின் அடியில் ஒரு குளம்.

"எல்லை எங்கை?" என்றார் அத்தான்.

"எதின்ரை எல்லை?" என்றார் அல்மா.

அத்தான் என்னைப் பார்த்தார். யாழ்ப்பாணத்தில் அரை முழ வேலிக்கு அப்புக்காத்து வைத்து வழக்காடும் இனம் நாங்கள். எல்லை தெரியாத ஒரு மனுசியை அவர் கண்டதில்லை.

திங்கள் காலை அத்தான் ஹில்ஸ்பரோவுக்குப் போய் மஞ்சள் நைலோன் கயிறும் நாலு கட்டையும் வாங்கி வந்தார். "அவவின்ரை வீட்டை விட்டிட்டு மிச்சத்தை அளந்து பாப்பம். ரெண்டு பேருக்கும் காணும்" என்பது அவர் கணக்கு. அல்மா பாடசாலைக்குப் போயிருந்தார். கிளென் சொன்ன அடையாளத்தின்படி புளியமரத்திலிருந்து கரைப்பாறைக்கு நேராகக் கயிறு பிடித்தோம். மறு தலைப்பைப் பிடித்தவன் நான்தான். நேராகப் பிடித்தால் அது வீட்டின் முன்கதவால் நுழைந்து, சமையலறைக்கும் படுக்கையறைக்கும் இடையால் பின்கதவுக்குப் போனது. அத்தான் தலையைச் சொறிந்தார், ஆனால் கட்டிவிட்டார்.

சற்று நேரத்தில் செம்மறிகள் குளத்துக்குப் போக வந்து, கயிற்றின் முன் வரிசையாக நின்று எங்களைப் பார்த்தன. றோட்டால் போன ஒருவர் நின்று பார்த்தார். பிறகு வந்த வழியே விறுவிறென்று திரும்பிப் போனார்.

பின்னேரம் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். நடந்து சிலர், டெக்ஸ்டரின் வானில் சிலர், தாதிச் சீருடையோடு ஒரு பெண், மீன் மணத்தோடு இரண்டு ஆண்கள். கயிற்றின் இரண்டு பக்கமும் நின்றார்கள்.

அத்தான் மெல்லிய குரலில், "மச்சான், பங்காளியள். சண்டைக்கு வந்திட்டாங்கள். பாஸ்போட் ரெண்டும் எங்கை?" என்றார்.

"பெட்டிக்குள்ளை."

"பெட்டி எங்கை?"

"கயித்துக்கு அங்காலை."

அல்மா வேலையால் வந்தார். கயிற்றைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார். "அப்ப என்ரை அடுப்பு கனடாவிலை, கட்டில் கரியாக்கூவிலை" என்றார். கூட்டம் முழுவதும் சிரித்தது. அத்தானும் சிரித்தார், ஆனால் கொஞ்சம் பிந்தி.

டெக்ஸ்டரும் அந்தக் காணியில் உரித்துள்ளவர் என்பது அப்போதுதான் தெரிந்தது. அவர்தான் விளக்கினார். அவர்களின் பூட்டியார் ஒருவர் விட்டுப்போன குடும்பக் காணி அது. அவர் வழியில் பிறந்த எவரும் வந்து வீடு கட்டலாம். வீடு கட்டியவருடையது, மண் எல்லாருடையதும். மண்ணில் யாராவது கயிறு பிடித்தால் உரித்துள்ள எல்லாரும் வந்து நிற்க வேண்டும் என்பது அந்தக் குடும்பத்து வழக்கம். கட்டியவர்தான் அவிழ்க்கவும் வேண்டும். மற்றவர் தொடமாட்டார்கள்.

"ரெண்டாப் பிரிச்சால் எல்லாருக்கும் நல்லதுதானே?" என்றார் அத்தான்.

"பிரிக்கத் தொடங்கினால் ரெண்டோடை நிக்குமோ? இஞ்சை நிக்கிற ஆக்களை எண்ணிப் பார். ஆளுக்கு ஒரு கட்டில் போடத்தான் இடம் வரும்" என்றார் டெக்ஸ்டர். "கிளென் கையெழுத்து வைப்பான். சட்டம் என்ன சொல்லுமோ எனக்குத் தெரியாது. நீயும் வேலி போடு. நாங்கள் வழமை போல மாங்காய்க்கு வருவம், உன்ரை விறாந்தையாலை."

அதில் மிரட்டல் இல்லை. நாளை மழை வரலாம் என்கிற மாதிரிச் சொன்னார்.

தாதிப் பெண் கேட்டார்: "உன்ரை பிள்ளையள் வந்து இருப்பினமோ இஞ்சை?"

அத்தானுடைய மகன் விட்பியில் இருக்கிறான். மார்க்கத்திலுள்ள அத்தான் வீட்டுக்கு அரை மணி ஓட்டம். அவனை ஒரு ஞாயிறு சாப்பாட்டுக்கு வரவழைக்க அக்கா புதன்கிழமையே தொடங்கவேண்டும்.

கூட்டத்தில் ஒருவர் பெரிய சட்டி ஒன்றோடு வந்திருந்தார். பச்சைத் துவரை போட்ட சோறு. அல்மா அத்தானைப் பார்த்து, "சாப்பிடுவியோ?" என்றார்.

"ஓம்" என்றார் அத்தான், முதல் கேள்விக்கே.

செவ்வாய் காலை நான் எழும்பியபோது கயிறு இல்லை. செம்மறிகள் குளத்தில் நின்றன. அத்தான் கடற்பாறையில் இருந்து கிளெனோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். எனக்குக் கேட்டது ஒரு பக்கம் மட்டும்: "ஓம், பாத்தன்… இல்லை, சுகமாத்தான் இருக்கிறா… பாதிக்குத்தான் கூரை… நீ கடைசியா எப்ப வந்தனீ?" பிறகு நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும், "என்னவாம்?" என்றேன். "வெயில் ஏறுது" என்றார்.

அன்று முழுவதும் அல்மாவிடம் அவர் அந்த ஒரு சொல்லைச் சொல்லவில்லை. அல்மாவும் கேட்கவில்லை. பின்னேரம் அத்தான் மாமரத்தடியைச் சுற்றிச் சுற்றி வந்து தகரத்தின் கனத்தை நகத்தால் தட்டிப் பார்த்தார்.

புதன். மூன்றரை மணிக் கப்பல், மறுநாள் விமானம். பெட்டி கட்டியாயிற்று. நான் முற்றத்தில் உட்கார்ந்து என் வீட்டை நினைத்தேன். மார்க்கத்தில் எனக்கும் பக்கத்து வீட்டாருக்கும் இடையில் ஆறடி மரவேலி. அவர் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. பனி தள்ளும் சத்தத்தை வைத்து ஆள் ஊரில் நிற்கிறார் என்று அறிவேன். அந்த வேலி எனக்கு நிம்மதிதான், பொய் சொல்லக்கூடாது. முப்பது பேர் விறாந்தையால் மாங்காய்க்கு வருகிற வாழ்க்கை என்னால் ஒரு வாரம் தாங்கும். ஆனால் என் கூரை பறந்தால் எத்தனை பேர் வந்து நிற்பார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். காப்புறுதிக்காரர் ஒருவர் வருவார், அதுவும் நேரம் குறித்துக்கொண்டு.

டெக்ஸ்டர் வானைக் கொண்டுவந்து நிறுத்தி ஹோர்ன் அடித்தார். அல்மா வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அத்தானைப் பார்த்தார், கடலைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. அக்கா.

"கையெழுத்து வைச்சிட்டாரோ?"

"இல்லை அக்கா."

"வாங்கேல்லை எண்டு அந்த மனுசியிட்டைச் சொல்லிப்போட்டாரோ?"

"அதுவும் இல்லை."

"கப்பலுக்கு நேரமாகேல்லையோ? பின்னை இப்ப என்னதான் செய்யிறார்?"

அத்தான் பெட்டியை வானுக்குப் பக்கத்தில் நிலத்தில் வைத்தார், கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டார், மாமரத்தடிக்குப் போய்த் தகரக் கட்டை அவிழ்த்து, மேல் தகரத்தின் ஒரு தலைப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மற்றத் தலைப்பைப் பிடிக்க அல்மா வரும்வரை நின்றார்.