ஒற்றைக்கால் மயில்

அந்தச் சேலை காமாட்சி அம்மனுக்கு என்றே நம்பியிருந்தேன். முட்டாள்தனம்தான். ஆனால் காஞ்சிபுரத்தில் ஒரு முதலாளி பட்டும் ஜரிகையும் கொடுத்து, "இது அம்மாவுக்குப்பா, பாத்து நெய்யி" என்றால் வேறு யாரை நினைப்பது?

எழுபதுகளில் நடந்தது. அப்போது எனக்கு நாற்பது தாண்டியிருந்தது. இருபது வருஷம் கூலிக்கு மட்டுமே தறியில் உட்கார்ந்தவன், அந்தச் சேலைக்காகப் பீடியை விட்டேன், விடியுமுன் குளித்தேன்.

"இன்னாய்யா, சாமியாரா போவப்போறியா?" என்றாள் மனைவி.

பத்தாம் நாள் கவனித்தேன். சேலைக் கரையில் நெய்த ஒரு மயிலுக்கு ஒரு கால் விழவில்லை. அதைத் தாண்டி ஒரு முழம் வேறு நெய்துவிட்டிருந்தேன். பதறி எழுந்தால் என் இடது கால் அசையவில்லை. தறிக்குழியில் தொங்கியே மரத்துப்போன கால் என்று அந்த நேரத்தில் யாருக்குத் தோன்றும்? அம்மன் காலுக்குக் கால் வாங்கிவிட்டாள் என்றே நினைத்தேன். மூன்று வீடு தள்ளியிருந்த முதலாளியிடம் நொண்டிக்கொண்டே போய் அழுதேன்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "எந்த அம்மன்யா? சேலை எங்கம்மாவுக்கு. அவங்களுக்குக் கண்ணே சரியாத் தெரியாது. மயிலாவது காலாவது! போய் மிச்சத்த நெய்யி."

திரும்பி வருவதற்குள் கால் சரியாகிவிட்டது. வாசலிலேயே ஒரு பீடி பற்றவைத்தேன். இனி பயப்பட ஆளில்லை என்று தறியில் இறங்கினேன். மேற்கொண்டு நெய்யக் கை வரவில்லை.

அன்று சாயங்காலம் வரை அந்த ஒரு முழத்தையும் இழை இழையாகப் பிரித்தேன். மறுநாள் மயிலுக்குக் கால் போட்டேன்.