வெண்திட்டில் வந்த கறுப்பு

முன்கையில் வெண்திட்டு விழுந்த பிறகு யாரும் என்னருகில் உட்கார்ந்து சாப்பிடவில்லை. செங்கல் சூளை, உப்பளம் என்று இடம் மாறிப் பார்த்தேன்; எங்கும் அதேதான். பொன்னேரியில் ஒரு நாட்டு வைத்தியர், நிறம் திரும்ப கார்போகரிசி எண்ணெய் தடவி வெயிலில் நிற்கச் சொன்னார். எட்டு வருடம் நின்றேன். தோல் வெந்து உரிந்தது, நிறம் வரவில்லை.

ஒருநாள் திட்டின் நடுவே மிளகளவு கறுப்பு தெரிந்தது. அழுதுவிட்டேன். உப்பளத்தில் கூட வேலை செய்த முனியம்மாக்கா தள்ளி நின்றே எட்டிப் பார்த்தாள்.

"இன்னாடா, கலர் வந்துகினு கீதா? மாப்பிள்ளை ஆயிடுவே போல!"

சந்தோஷத்தில் இன்னும் அதிகமாக எண்ணெய் தடவினேன். மூன்று மாதத்தில் கறுப்பு கோணல்மாணலாகப் படர்ந்தது. கால் புண்ணுக்கு மருந்து வாங்கப் போன இடத்தில் டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டார்.

"இது புத்துநோயா இருக்கும்ப்பா. உடனே வெட்டணும்."

"வேணாம்மா. இத்தினி வருசத்துல எனக்கு வந்த கலரு இது ஒண்ணுதாம்மா" என்று கெஞ்சினேன்.

"கலரா, உசுரா?"

பட்டணத்து ஆஸ்பத்திரியில் சுற்றுத் தோலோடு வெட்டி, தொடைத் தோலை ஒட்டினார்கள். சோதித்ததில் புற்றுநோய்தான், ஆழமாக இறங்கவில்லை என்றார்கள். அந்த எண்ணெயும் வெயிலும் சேர்ந்துதான் இதைக் கொண்டுவந்திருக்கும் என்றும் சொன்னார்கள்.

இப்போது எண்ணெய் தடவுவதில்லை. தினமும் காலையில் மிச்சமிருக்கும் திட்டு முழுக்க வெள்ளையாக இருக்கிறதா என்று பார்த்து, முழுக்கைச் சட்டை மாட்டிக்கொண்டுதான் வெயிலில் இறங்குகிறேன்.